பாதி கொதிநீர், பாதி பச்சைத் தண்ணீர்

1

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே பனியைப் பெய்ய வைத்துவிடுவது வழக்கம். எனக்கும் பனி உண்டு. அதை நான் ஒரு பானைத் தண்ணீரை ஆற வைக்கப் பயன்படுத்தினேன். மற்றபடி அதன் அழகைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது.

நான் இருப்பது கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தில், சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள் உள்ள ஒரு சின்ன ஊரில். ஊர் மன்ற அலுவலகத்தில் தண்ணீர்க் கட்டணம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் என்று சொன்னபோது, டைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். பட்டத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது. பகவதி என்ற என் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் முதல் வாரத்திலேயே பேகி ஆகிவிட்டது. அது தொளதொள கால்சட்டைக்கு இங்கே சொல்லும் சொல் என்று பல வருஷம் கழித்து என் மகள் மீனா கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்குள் சம்பளப் பட்டியல் வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. மாற்ற வேண்டுமென்றால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். தொளதொளவென்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் மார்ச் மாதம் இங்கே ஒரு சம்பவம் நடந்தது. அதைப் பற்றி அப்போதே எழுத உட்கார்ந்தேன். எழுதக்கூடாது என்று ஊரிலிருந்து உத்தரவு வந்தது. ஒரு வருஷம் காத்திருந்தேன். இப்போது எழுதலாம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

2

சம்பவம் இதுதான். பனி உருகிற்று. பண்ணைகளில் ஆறு மாதமாகக் குவிந்திருந்த சாணியையெல்லாம் கரைத்துக்கொண்டு அந்தத் தண்ணீர் ஊர்க் கிணற்றுப் பக்கம் போயிற்று. சோதித்துப் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மறுநாள் காலையில் வீட்டுக்கு வீடு ஒரு துண்டுப் பிரசுரம் வந்து விழுந்தது: "தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வையுங்கள். ஆற விட்டு, சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துக் குடியுங்கள். சந்தேகங்களுக்கு ஊர் மன்ற அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்."

ஊர் மன்ற அலுவலகம் என்றால் நான்தான். என் மேஜையில்தான் அந்தத் தொலைபேசி இருந்தது.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. குளிக்கலாமா? வாயை மூடிக்கொண்டு குளியுங்கள். நாய்க்குக் கொடுக்கலாமா? நாய்க்கும் காய்ச்சியே கொடுங்கள். மீன் தொட்டி? மீனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு பாதிரியார் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் இருக்கிறது, அந்தத் தண்ணீரையும் காய்ச்ச வேண்டுமா என்று மெல்லிய குரலில் கேட்டார். காய்ச்சுங்கள் பாதர், ஆனால் தலையில் விடுவதற்கு முன் மறக்காமல் ஆற வையுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஒருவர் கத்தினார். "என்ன அநியாயம் இது? நாம் என்ன இந்தியாவிலா இருக்கிறோம்?"

"இல்லை ஐயா, எனக்கு நன்றாகவே தெரியும்" என்றேன்.

நான்கு நாட்கள் இந்த ஊர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. பல் தேய்க்கச் சோடா வாங்கிப்போன வீடுகூட உண்டு. பக்கத்து வீட்டு அம்மாள், ஒன்பது வருஷத்தில் எங்கள் சமையல் வாசனையைப் பற்றி மட்டுமே பேசியவள், வாசலில் வந்து நின்று, "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்குமே" என்றாள். ஆமாம் என்று சொல்லி அவளுக்கு ஒரு பெரிய பாத்திரம் கடன் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

எது தெரியும் என்று பீற்றிக்கொண்டேனோ அதுதான் இரண்டாம் நாள் என் காலை வாரிவிட்டது.

3

வீட்டில் பெரிய பானை நிறையச் சீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்சி, பின்வாசல் படியில் இன்னும் உருகாத பனிமேட்டின் நடுவே வைத்து ஆற்றுவேன். ஊர் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும்போது அதுதான் சுலபம். என் வீட்டுக்காரர் பேசாமல் குடித்தார். மீனாவுக்குப் பதினோரு வயது. அவள் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, இது ஏன் பழுப்பாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டுச் சம்பாஷணை அப்படித்தான் நடக்கும், இரண்டு பேருக்கும் அதில் புகார் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் சமையலறையில் நின்றிருந்தாள். ஒரு ஜாடியில் பாதி வரைக்கும் கொதிக்கிற சீரகத் தண்ணீர். அதைக் குழாய்க்கு அடியில் பிடித்து, மீதிப் பாதியைப் பச்சைத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாகம். ஆறும் வரைக்கும் பொறுமை இல்லை.

"ஏட்டி! பச்ச வெள்ளத்தை ஊத்தாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் ஜாடி கைநழுவித் தொட்டியில் விழுந்து உடைந்தது.

பல வருஷமாக என் வாயில் வராத பேச்சு அது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் வெள்ளம். மீனாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவள் அழவில்லை, முறைத்தாள். "அம்மா, பெரும்பாலும் காய்ச்சியதுதானே?" என்றாள்.

பெரும்பாலும் காய்ச்சியது. உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டே அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆரியசாலையில் எங்கள் அப்பாவின் கடைக்கு அதைப் பெயர்ப்பலகையாகவே எழுதி மாட்டியிருக்கலாம்.

4

அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரம் ஆரியசாலையில் சாப்பாட்டுக் கடை வைத்தவர். இருபுறமும் மொத்த வியாபாரக் கடைகள் உள்ள சந்து. மிளகாய் மூட்டை, வெல்லத் தட்டு, கருப்பட்டி, புளி. பகல் பன்னிரண்டு மணிக்கு மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளும் கணக்கப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பசியோடு வருவார்கள். அவர்களுக்கு நாங்கள் தமிழர்கள், ஆகவே அப்பா எல்லாருக்கும் அண்ணாச்சி. "அண்ணாச்சி, வெள்ளம்!" என்ற சத்தம் மூன்று மணி வரைக்கும் ஓயாது.

அந்த வெள்ளம்தான் அப்பாவின் பெருமை. சோறு பற்றி யாராவது குறை சொன்னால் கேட்டுக்கொள்வார். வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல விடமாட்டார். கடைக்குப் பின்னால் மரத்தூள் அடுப்பில் ஒரு பெரிய செம்பு அண்டா எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். சீரகம் போட்டு, பதிமுகம் என்கிற சிவப்பு மரச் சிராய் நாலு போட்டுவிட்டால் தண்ணீர் ரோஜாச் சிவப்பாகிவிடும். நிறத்தைப் பார்த்ததுமே வருகிறவர்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். மற்றக் கடைகளில் பச்சைத் தண்ணீரைக் கொடுத்த காலம் அது.

சிக்கல் என்னவென்றால், கொதிக்கிற தண்ணீரை யாராலும் குடிக்க முடியாது. மூட்டை இறக்கிவிட்டு வந்தவனுக்கு ஒரே மூச்சில் ஒரு லிட்டர் வேண்டும். அதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் சந்தில் மட்டுமல்ல, அந்த நகரத்தில் பாதிக் கடைகளில் அதே வழிதான். ஒரு வாளியில் பாதி கொதிவெள்ளம், பாதி கிணற்று வெள்ளம். கலந்துவிட்டால் இளஞ்சூடு.

எனக்குக் கல்லூரி காலையில் மட்டும்தான்; விட்டதும் கடைக்கு வந்து அந்தக் கலவையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்போது எனக்குப் பதினெட்டு வயது.

"ஏட்டி பகவதி, பாதிக்குப் பாதி. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். வெள்ளத்துல கைய வச்சா கை சிரிக்கணும், கேட்டியா?" என்பார் அப்பா.

நான் கை வைத்துப் பார்ப்பேன். சிரிக்கும். காலையெல்லாம் வேதியியல் வகுப்பில் உட்கார்ந்து கிருமி, குளோரின் என்று குறிப்பெடுத்துவிட்டு, மத்தியானம் வந்து அரை வாளி பச்சை வெள்ளத்தை எடுத்துக் கொதித்த வெள்ளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. பாடம் கல்லூரிக்கு, வெள்ளம் கடைக்கு.

அந்த வருஷம் அப்பா ஒரு நல்ல காரியமும் செய்தார். சாப்பிட வருகிறவர்கள் அவசரத்துக்குச் சந்து முனை ஓடைக்குப் போக வேண்டியிருந்தது. அது பொறுக்காமல் கடைக்குப் பின்னால் குழி வெட்டி ஒரு கக்கூஸ் கட்டினார். சந்தில் வாடிக்கையாளருக்கென்று கக்கூஸ் கட்டிய முதல் கடை எங்களுடையதுதான். திறந்த அன்றைக்கு எல்லாருக்கும் பாயசம் போட்டார். கக்கூஸுக்குப் பாயசம் போட்ட ஆள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதித் தெரிவிக்கலாம். அந்தக் குழியிலிருந்து எங்கள் கிணற்றுக்கு என் காலடியில் பதினான்கு அடி. அதைப் பிற்பாடுதான் அளந்து பார்த்தேன்.

ஜூன் மாதம் மழை வந்து குழி நிறைந்தது.

5

முதலில் வெல்லக் கடைக் கணக்கப்பிள்ளைக்குக் கண் மஞ்சளாயிற்று. பிறகு இரண்டு சுமட்டுக்காரர்கள். பிறகு வாரத்துக்கு ஒருவராக வராமல் போனார்கள். சந்தில் எல்லாரும் கீழாநெல்லி தேடி அலைந்தார்கள். தெருவில் விற்கும் ஐஸ்தான் காரணம் என்று யாரோ சொல்ல, ஐஸ் வண்டிகளைத் துரத்தினார்கள்.

ஒருநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் படிவத்தோடு வந்தார். அவர் எங்கள் கடையில்தான் தினமும் சாப்பிடுவார். காசு கொடுத்துத்தான் சாப்பிடுவார், அதில் குறை சொல்ல முடியாது.

"அண்ணாச்சி, ஒண்ணும் தோணண்டா. எல்லாக் கடையிலும் கேக்கணும். வெள்ளம் திளப்பிச்சது தன்னேயல்லே?" என்றார். தப்பாக நினைக்க வேண்டாம், தண்ணீர் காய்ச்சியதுதானே என்று கேட்கிறார்.

அப்பா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அண்டாவைக் காட்டினார். "பாருங்க சாரே. காலையில அஞ்சு மணிக்குக் கொதிக்கத் தொடங்குனது. இன்னும் கொதிச்சிட்டே கெடக்கு. இந்தச் சந்துல வேற எவன் கடையில உண்டு?"

பொய் இல்லை. அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் என் வாளியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வைத்தேன். அவர் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அல்ல அண்ணாச்சி, இது இத்தர வேகம் எங்ஙனே தணுத்தது?"

இவ்வளவு சீக்கிரம் எப்படி ஆறிற்று என்றார். அந்தச் சந்தில் அந்த மாதம் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான்.

"அது நம்ம கைப்பக்குவம் சாரே. தொழில் ரகசியம்!" என்றார் அப்பா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, படிவத்தில் "காய்ச்சிய நீர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுமாதம் அவருக்கும் மஞ்சள் கண்.

நான் சிரிக்கவில்லை. கையில் வாளியோடு நின்றிருந்தேன். கல்லூரிப் பாடமும் கடை வெள்ளமும் அந்தக் கணத்தில்தான் ஒன்று சேர்ந்தன. "பாதி பச்ச வெள்ளம் சார்" என்று சொல்ல எனக்கு நாலு வார்த்தை போதும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை சந்தோஷமாக இருந்தார். சொல்லவில்லை.

அன்றையிலிருந்து கலப்பதை நிறுத்தினேன். சாயங்காலமே காய்ச்சி, அகலமான வார்ப்புப் பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஆறவிட்டேன். அப்பா குடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னட்டி இது? வெள்ளத்துக்குச் சுவையே இல்லே."

"சீரகம் மட்டம்ப்பா" என்றேன்.

என்னைச் சோம்பேறி என்றார். இரண்டு மாதத்தில் சந்தில் காமாலை அடங்கியது. எனக்கும் அப்பாவுக்கும் கடைசி வரைக்கும் ஒன்றும் வரவில்லை. வருஷக்கணக்கில் அதையே குடித்து எங்கள் குடல் அந்தக் கிணற்றோடு சமாதானமாகப் போயிருக்க வேண்டும்.

6

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி முடியாது.

எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில் இருந்தது, கடையிலிருந்து கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வீட்டுக் கிணறு நல்ல கிணறு. அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமலே குடித்தோம், ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை. அண்ணன் மனைவி தாணம்மை மதினிக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிள்ளை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் காய்ச்சிய வெள்ளம்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பா தீர்மானித்தார். காய்ச்சிய வெள்ளத்துக்கு நம் கடையை விட்டால் உலகத்தில் வேறு இடம் உண்டா?

ஆகவே தினமும் சாயங்காலம் ஒரு தூக்குவாளி நிறையக் கடை வெள்ளத்தை நான் எடுத்துப்போனேன். நானே கலந்து, நானே கை வைத்துப் பார்த்து. கிழக்கேகோட்டையில் பஸ்களுக்கு நடுவே சிந்தாமல் கொண்டுபோவேன். மதினி கையில் வாங்கி, "என் தங்கம்லா" என்பார்.

நான் கலப்பதை நிறுத்திப் பத்து நாள் கழித்து மதினிக்கு வாந்தி ஆரம்பித்தது. கண் மஞ்சளாயிற்று. கர்ப்பிணிகளுக்கு இந்தக் காமாலை ஆகாது என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதம் முன்பே விஷம் உள்ளே போயிருக்கும் என்றும் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மதினி பிழைத்தார், மயிரிழையில். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. முடி நிறைய இருந்தது.

பிறகு மதினிக்கு ஒரு மகன் பிறந்தான். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, கனடா வந்தது. விசாவுக்கான மருத்துவப் படிவத்தில், உங்களுக்குக் காமாலை வந்ததுண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. இல்லை என்று குறி போட்டேன். காமாலை கொடுத்ததுண்டா என்று கேட்கும் கட்டம் எந்த நாட்டுப் படிவத்திலும் இல்லை.

பதினேழு வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட. நான் கோழை. அதை வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை.

7

ஜாடி உடைந்த மறுநாள் காலையில், துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத் தலைவர் கென்னிடம் போனேன். நல்ல மனிதர். எதையும் இரண்டு பிரதி எடுத்துக் கோப்பில் வைப்பார்.

"இதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது" என்றேன். "காய்ச்சிய தண்ணீரை ஆற்றுவதற்காகக் காய்ச்சாத தண்ணீரைக் கலக்காதீர்கள் என்று போட வேண்டும்."

கென் படித்துப் பார்த்தார். "பேகி, அச்சடித்தாகிவிட்டது. மறுபடியும் அடிக்க வேண்டுமென்றால் மாகாணத்திலிருந்து அனுமதி வாங்க வேண்டும். அதுவும் போக, யார் அப்படிச் செய்வார்கள்? காய்ச்சிவிட்டு அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற அளவுக்கு முட்டாள் யாராவது இருப்பார்களா?"

"நான் இருந்திருக்கிறேன்" என்றேன். "எங்கள் அப்பாவின் கடையில். தினமும். ஒரு குழந்தை செத்துப்போயிற்று."

என் ஆங்கிலத்தில் எப்போதும் இடறும் இறந்தகாலம் நிகழ்காலமெல்லாம் அன்றைக்கு ஒழுங்காக வந்து நின்றது. கென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்காமல் பிரசுரத்தின் ஓரத்தில் பேனாவால் அந்த வரியை எழுதினார். மாகாண அனுமதியைப் பற்றிப் பிறகு பேச்சே வரவில்லை. மத்தியானம் புதிய பிரசுரம் போயிற்று.

மூன்று மணிக்கு ஒரு வயதான பெண்மணி கூப்பிட்டார். "அம்மா, நான் இரண்டு நாளாகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் விட்டுத்தான் குடித்தேன். சூடாக இருந்ததே. பரவாயில்லையா?" அவரை டாக்டரிடம் போகச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி எட்டுப் பேர் கூப்பிட்டார்கள். நாயைக் கேட்டவரும் அதில் உண்டு.

அன்று சாயங்காலம் மதினிக்குக் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். அரை வாளி, இன்ஸ்பெக்டர், தூக்குவாளி, நான் நிறுத்திய நாள். இதைப் பத்திரிகைக்கும் எழுதப் போகிறேன் என்று வீராப்பாக ஒரு வரி சேர்த்தேன். அன்றைக்கே தபால் பெட்டியில் போட்டேன்.

பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க அவர் மகன் கணக்குப் பாடத்தில் வாங்கிய குறைந்த மார்க்கும், ஆரியசாலையில் இப்போது பாதாளச் சாக்கடை வந்துவிட்டதும், அதற்காகத் தோண்டிய சாலையை இன்னும் மூடாததும். இரண்டாம் பக்கத்தின் கீழே:

"பின்னே நீ எழுதுன காரியம். நீ கொண்டாந்து தார வெள்ளம் எனக்குச் சூடு கூடுதலாத் தோணும். நீ அங்குட்டுத் திரும்பினதும் அதுல நம்ம வீட்டுக் கெணத்து வெள்ளம் ஒரு டம்ளர் ஊத்திக் குடிப்பேன். மாமா காய்ச்சின வெள்ளம்தான் குடிக்கணும்னு அவ்வளவு சொல்லியும் கேக்காம நானே எம் பிள்ளையக் கொன்னுட்டேன்னு இத்தனை வருசமா நெனச்சிட்டு இருந்தேன். உங்க அண்ணன்கிட்டகூடச் சொன்னதில்லே. நீ அப்பவே ஒரு வாக்குச் சொல்லியிருக்கப்பிடாதா மக்களே. மாமாகிட்ட இதை வாசிச்சுக் காட்டல்ல. அவருக்கு எண்பது ஆச்சு, அந்த வெள்ளத்துப் பெருமை மட்டுந்தான் மிச்சம். அவரு இருக்கும்வரை பத்திரிகையில ஒண்ணும் எழுதாதே, கேட்டியா."

அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அழுதேன். நான் வாயைத் திறந்திருந்தால் நல்ல கிணற்று நீரைக் குடித்த குற்றத்துக்காக அவர் பதினேழு வருஷம் தன்னையே தண்டித்துக்கொண்டிருக்க மாட்டார். என்னைத் திட்டி நாலு வரி எழுதியிருந்தால்கூடத் தேவலை. ஒரு வாக்குச் சொல்லியிருக்கப்பிடாதா என்று மட்டும் கேட்டிருந்தார். மீனா பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னவென்று கேட்டாள். அவளிடம் சொன்னேன். அவள் ஆங்கிலத்திலேயே, அத்தைக்கு ஃபோன் பண்ணலாம் என்றாள். பண்ணினோம். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் சும்மா பிடித்துக்கொண்டு நின்றோம்.

8

அப்பா போன மாதம் தவறிவிட்டார். தந்தி வந்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை, விடுப்புப் படிவம் கிடைத்தது. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு, ஆதாரம் இணைக்கவும் என்று கேட்டிருந்தார்கள். தொளதொள கால்சட்டை என்ற பெயருள்ளவளுக்கும் ஆரியசாலை அண்ணாச்சிக்கும் உள்ள உறவுக்கு என்ன ஆதாரத்தை இணைப்பது?

நேற்று மதினியின் கடிதம் வந்தது. அதில் இனி எழுதிக்கொள் என்று அனுமதியும் இருக்கிறது. மதினி எழுதியதை அப்படியே தருகிறேன்.

"கடைசி ரெண்டு நாளா மாமா சோறு கஞ்சி ஒண்ணும் கழிக்கல்ல. வெள்ளம் வேணும்னு மட்டும் கேட்டாரு. ஆத்தி வச்சிருந்ததைக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, சுவையில்லேன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு. சொந்தக்காரங்க காசியில இருந்து கொண்டாந்த கங்கைச் சொம்பை உடைச்சாங்க. இதையும் காய்ச்சணுமான்னு நான் கேட்டேன், எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அதையும் மாமா துப்பிட்டாரு. நான் அடுக்களைக்குப் போயி நின்னேன். அந்த வெள்ளம் எனக்கு என்ன செஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கோவம் கோவமா வந்தது. பொறவு அடுப்புல கொதிச்சிட்டு இருந்ததுல இருந்து பாதி எடுத்தேன், பச்ச வெள்ளம் பாதி ஊத்துனேன், கைய வச்சுப் பாத்தேன். இனி அவருக்கு என்ன காமாலை வரப்போகுது. தலையைத் தூக்கிப் பிடிச்சுக் குடுத்தேன். டம்ளர் முழுக்கக் குடிச்சிட்டு, 'இதாக்கும் நம்ம கடை வெள்ளம்'னாரு. பொறவு வேற ஒண்ணும் பேசல்ல."